உப்பு வண்டிக்குப் புதுக் குரல்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம் தம்பி. சாமான் நிறைய இருந்தால் வாயைத் திறக்காது. சாமானை எல்லாம் எடுத்துவிட்டால், நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்லும். அது என்ன?

கிணறா? கிணற்றுக்குள் யாராவது சாமான் வைப்பார்களா? நிதானமாக யோசியுங்கள். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது பாருங்கள், இட்லிக்குப் போட்டிருக்கிறார்கள். அது நிற்கிற வரைக்கும் நமக்கு வேலை இல்லை. நீங்கள் மைக்கில் படித்து அனுப்பிய கதையைக் கேட்டேன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிணற்றுக்குள் உட்கார்ந்து படிக்கிற மாதிரி இருக்கிறது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன் என்கிறீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். நானும் செய்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை தம்பி. பல்லி குடி வரும், அவ்வளவுதான்.

விடை, அறை. காலி அறை. நீங்கள் பேசுவது சுவரில் பட்டு, தரையில் பட்டு, மறுபடி மைக்குக்கே வருகிறது. வருகிற வழியில் அதை வாங்கி வைத்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். மெத்தை, தலையணை, துணி. துணிதான் முக்கியம். துணி நிறைய வேண்டும்.

என் மகளுக்கும் இந்த விடுகதையைத்தான் போட்டேன். வர்ணிகா என்று பெயர். போன மே மாதம் லீவுக்கு வந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளை நிறுத்திக் கேட்டேன். அவள் உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். "நம்ம வீடு" என்றாள். சரியான விடை காலி அறைதான். இருந்தாலும் கிட்டத்தட்ட வந்துவிட்டாள் என்று ஒத்துக்கொண்டேன்.

என் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்த ஈரோட்டில் உப்பு, கோலமாவு, பழைய இரும்பு என்று தெருவில் எந்த வண்டி வந்தாலும், ஸ்பீக்கரில் கூவுகிற குரல் பாதி என்னுடையது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டு வாசலில் நான் தினமும் பேசிக்கொண்டிருப்பேன். அவருக்குத் தெரியாது. நானும் சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

முன்பெல்லாம் இந்த அறை இப்படித் திருப்பிச் சொன்னதே இல்லை. கோகிலவாணி, என் வீட்டுக்காரி, தையல் வேலை செய்வாள். அந்த ஜன்னலோரம்தான் அவள் மெஷின் இருந்தது. கட்டிலின் மேல் துணி, கட்டிலுக்கு அடியில் துணி, கதவுக்குப் பின்னால் துணி. ஊரார் ரவிக்கையெல்லாம் எங்கள் வீட்டில்தான் கிடக்கும். அதற்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு நான் மைக்கில் பேசுவேன். குரல் அப்படியே வெண்ணெய் மாதிரி விழும். வண்டிக்காரர்கள் வீட்டைத் தேடி வருவார்கள். மைக் நல்ல மைக் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே தொந்தரவு, அந்தத் தையல் மெஷின். நான் பேச ஆரம்பித்ததும் கடகடவென்று அதுவும் ஆரம்பிக்கும். "கொஞ்சம் நிறுத்து" என்பேன். "முகூர்த்தத் துணிங்க, சாயங்காலம் வந்து நிப்பாங்க" என்பாள். குக்கரை இறக்கு என்பேன், வளையலைக் கழற்றி வை என்பேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்டதில்லை. ஒரு நாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, நானும் புள்ளையும் மூச்சு உடறதுக்கு உங்ககிட்டக் கேட்டுட்டு உடணுமா?" மூச்சு விடுவதைப் பற்றி நான் பேசியதே இல்லை தம்பி. சொல்லப்போனால் மூச்சுச் சத்தத்தை எடிட்டிங்கில் எளிதாக எடுத்துவிடலாம். அதைத்தான் அவளுக்கும் சொன்னேன்.

அவள் கவுந்தப்பாடிக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். மெஷின் போயிற்று, கட்டில் போயிற்று, பீரோ போயிற்று, துணி போயிற்று. வர்ணிகாவும் போனாள். மறுநாள் நான் மைக்கில் பேசினால், நீங்கள் சொல்கிற அதே கிணறு. மைக் பழுது என்று நினைத்து வேறு மைக் வாங்கினேன். அதுவும் கிணறு. வயரை மாற்றினேன். பிறகு முட்டை அட்டை. ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது. இந்த வீட்டில் துணி இருந்தது. இப்போது இல்லை. அதுதான் குறை. கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இத்தனை நாள் எதனால் எதனால் என்று தவித்தேனே.

இதோ இந்த ஜமக்காளம் எல்லாம் பந்தல் போடுகிறவரிடம் வாங்கியது. கல்யாண மண்டபத்தில் விரித்து விரித்துப் பழசானவை. தொட்டுப் பாருங்கள், பவானி ஜமக்காளம், கனம். சுவரோடு ஒட்ட வைக்காதீர்கள். சுவருக்கும் இதற்கும் நடுவில் கை நுழைகிற அளவு இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். உங்களுக்கு முன்னால் தொங்கவிடுவதைவிட முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுவது முக்கியம். மைக் பார்ப்பது உங்கள் முகத்தை இல்லையா, முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதைத்தான் அதுவும் கேட்கும்.

கிரைண்டர் இன்னும் ஓடுகிறது. ஓடட்டும்.

வர்ணிகா கவுந்தப்பாடியில் படித்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்கு எப்படியும் வேறு பள்ளிக்கூடம். அங்கேயே பக்கத்தில் சேர்ப்பதா, ஈரோட்டில் என்னோடு வைத்துச் சேர்ப்பதா என்று பேச்சு வந்தது. மச்சான், கோகிலவாணியின் அண்ணன், நல்லசிவம், நியாயமான ஆள். "இந்த லீவு முழுக்கப் புள்ள உங்ககிட்ட இருக்கட்டும் மாப்பிள்ளை. லீவு முடியறப்ப கூட்டிட்டு வாங்க. எங்க இருக்கறதுன்னு அவளையே கேட்டுருவோம். நாம யாரும் ஒண்ணும் சொல்லிக்குடுக்க வேண்டாம்" என்றார். கோகிலவாணியும் சரி என்றாள். நானும் சரி என்றேன்.

ஒரு மாதம் இருக்கிறது. இதற்குள் அவளுக்கு இந்த வீடு பிடிக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று யோசித்தேன். அப்போதுதான் குப்பண்ணன் நினைவு வந்தது.

குப்பண்ணன் உப்பு வண்டிக்காரர். சுற்றுவட்டாரம் முழுக்கப் போவார். கவுந்தப்பாடிக்கும் போவார். அவருடைய ஸ்பீக்கரில் ஓடியது நான் பல வருடத்துக்கு முன்னால் பேசிக் கொடுத்தது. "கல்லுப்பு, தூளுப்பு. அம்மா, உப்பு வண்டி வந்திருக்குது." அவர் ஒருமுறை சொன்னார்: "சேகரு, உன்ற புள்ள அந்தத் தெருவுல நம்ம வண்டி வந்தாப் போதும், கேட்டுக்கு ஓடியாந்துருது. உப்பு வாங்கறதில்ல. வண்டி திரும்பற வரைக்கும் நின்னு கேட்டுட்டுத்தான் உள்ள போகுது."

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. ஏனென்றால் அது மோசமான ரெக்கார்டிங் தம்பி. அவசரத்தில் ஒரே தடவையில் எடுத்தது. பின்னால் தையல் மெஷின் ஓடும். நடுவில் கோகிலவாணி, "ஏங்க, பால் பொங்குது பாருங்க" என்பாள். கடைசியில் வர்ணிகா, அப்போது சின்னக் குழந்தை, என் குரல் மாதிரியே "உப்பூ" என்று கத்திவிட்டுச் சிரிப்பாள். குப்பண்ணன் காதுக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை. நானும் அப்போது விட்டுவிட்டேன். போயும் போயும் அதையா என் மகள் தெருவில் நின்று கேட்கிறாள் என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அதனால் முடிவு செய்தேன். அந்த அறிவிப்பையே புதிதாக, சுத்தமாக எடுக்க வேண்டும். என் குரல் ஒரு வரி, வர்ணிகா குரல் ஒரு வரி. அவள் தெருவில் அவள் குரலே வந்தால் எப்படி இருக்கும்? அவளிடம் சொன்னதும் குதித்தாள். "நெசமாவாப்பா? நானும் வண்டியில வருவனா?" என்றாள். முதல் நாள் வீடெல்லாம் உப்பு விற்றுக்கொண்டே திரிந்தாள். குளியலறையில் உப்பு, மொட்டை மாடியில் உப்பு.

முறையாகச் சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் குடித்து, எச்சில் விழுங்கிவிட்டு உட்கார வேண்டும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். அவளுடைய சாண் இல்லை, என்னுடைய சாண். கத்தக் கூடாது. எதிரில் இருக்கிற ஒருவருக்குச் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும். அப்புறம் இந்த 'உப்பு' இருக்கிறதே, அதில் 'ப்பு' வரும்போது வாயிலிருந்து காற்று வந்து மைக்கில் மோதும். டப்பென்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குத்தான் நடுவில் இந்த வளையம். எம்ப்ராய்டரி போடுகிற வளையம்தான், கோகிலவாணி விட்டுப்போனது, பழைய சாக்ஸை வெட்டி இழுத்துக் கட்டியிருக்கிறேன். அது மட்டும் போதாது. 'ப்பு' வருகிற இடத்தில் முகத்தை லேசாகப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். மைக்கைப் பார்த்துச் சொல்லக் கூடாது. வர்ணிகா அதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள்.

ஈரோட்டில் மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜன்னல் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஜமக்காளத்துக்குள் உட்கார வேண்டும். அவளுக்கு நெற்றியில் வியர்வை வழியும். துடைத்தால் சத்தம் வரும் என்று துடைக்க மாட்டாள். நானாகச் சொல்லவில்லை. அவளாகவே புரிந்துகொண்டாள்.

அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. வெளியில்தான் குறை. நன்றாக வந்த ஒன்றில் காக்கை கத்தியது. இன்னொன்றில் எங்கேயோ சைக்கிள் பெல். இன்னொன்றில் அவளே கடைசியில் சிரித்துவிட்டாள். "சின்ன வயசுல சிரிச்ச மாதிரியே சிரிக்கறியே, இப்பவும் குழந்தையா நீ?" என்று சொல்லி மறுபடி எடுத்தேன். மறுபடி, மறுபடி. நல்லது வருகிற வரைக்கும் விடக் கூடாது தம்பி. இந்தத் தொழிலில் பொறுமைதான் எல்லாம்.

ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட வேண்டும், மறந்துவிட்டேனே. அது உறுமுகிற சத்தம் நம் காதுக்குத் தெரியாது, மைக்குக்குத் தெரியும். ஆனால் திரும்பப் போட மறந்துவிடுவோம். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். நிறுத்தும்போது வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. எங்காவது கிளம்பும்போது சாவியைத் தேடுவோம், நினைவு வந்துவிடும். அருமையான வழி. எனக்கு மட்டும் சரிப்படவில்லை. நான் எங்கும் கிளம்புவதில்லை. வர்ணிகா பால் ஐஸ் செய்வதற்காகக் கிண்ணங்களில் ஊற்றி, குச்சி நட்டு உள்ளே வைத்திருந்தாள். மறுநாள் காலையில் அவள் எழுந்து பார்த்தால் தரையெல்லாம் பால். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, அம்மாவுக்குக் கொண்டுபோக ஒன்று என்று செய்தாளாம். நான் எழுந்திருப்பதற்குள் துடைத்து முடித்துவிட்டாள். சாவியை மட்டும் கழுவி மேஜை மேல் வைத்திருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அப்புறம் ஒன்று. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் மைக்கை ஓடவிட்டு, கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருக்க வேண்டும். அறையின் சத்தத்தைத் தனியாகப் பிடித்து வைக்க. வர்ணிகா கேட்டாள்: "யாருமே பேசாததை எதுக்குப்பா ரெக்கார்ட் பண்றீங்க?" இந்த வீட்டின் சத்தம் எது என்று கம்ப்யூட்டருக்குக் காட்டினால்தான் அதை அது நீக்கும் என்று விளக்கினேன். "அப்ப வீட்டுச் சத்தம் பூராப் போயிருமா?" என்றாள். பூராவும் போய்விடும் என்றேன். நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் இருப்போம். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். இப்போதும் சில சமயம் போட்டுக் கேட்பேன். ஒன்றும் இருக்காது. சுத்தமாக இருக்கும்.

இரண்டாவது வாரத்திலிருந்து அவள் ரொம்பத் தேறிவிட்டாள். நடந்தால் காலடி கேட்காது. தட்டை வைத்தால் சத்தம் வராது. சமையலறையில் இருக்கிறாளா, மாடியில் இருக்கிறாளா என்று நான் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவோடு போனில் பேசினால்கூட வாசல்படியில் போய் உட்கார்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவாள். அவள் அம்மாவுக்கு இத்தனை வருடத்தில் வராத ஒழுங்கு, இவளுக்கு ஒரு லீவில் வந்துவிட்டது. இவள் என்னோடுதான் இருப்பாள் என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

கடைசியில் ஒரு மத்தியானம், கிடைத்துவிட்டது. காக்கை இல்லை, மூச்சு இல்லை, சிரிப்பு இல்லை. பளிங்கு மாதிரி. குப்பண்ணனைக் கூப்பிட்டு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். பழையதை அதிலும் அழித்தேன், என் கம்ப்யூட்டரிலும் அழித்தேன். இரண்டும் இருந்தால் அந்த மனுஷன் மாற்றிப் போட்டுவிடுவார். கேட்டுவிட்டு குப்பண்ணன் சொன்னார்: "ரேடியோக்காரங்க பேசற மாதிரி இருக்குது சேகரு. இது உன்ற புள்ளயா?" எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் ஒரு காரியம் செய்தேன். வர்ணிகாவை எந்த நாள் கூட்டிப்போகிறேன் என்று குப்பண்ணனிடம் சொல்லி, அன்றைக்கு அந்த நேரத்துக்கு வண்டியை அந்தத் தெருவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். எங்கே இருக்கிறாய் என்று மச்சான் அவளைக் கேட்கிற நேரத்தில் அவள் குரல் தெருவில் வர வேண்டும். எல்லோரும் கேட்க வேண்டும்.

சொன்ன மாதிரியே வந்தார். நாங்கள் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தோம். கோகிலவாணி மெஷினை நிறுத்திவிட்டு ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அந்த அறையைப் பார்த்தேன் தம்பி, எங்கு பார்த்தாலும் துணி. அங்கே ஒரு மைக் வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்போது தெருமுனையில் ஸ்பீக்கர் கேட்டது. வர்ணிகா டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள். குப்பண்ணன் சொன்னாரே, அதே மாதிரி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"கல்லுப்பு" என்றது என் குரல். "தூளுப்பு" என்றது அவள் குரல். ஓர் எழுத்து பிசகவில்லை. முடிந்தது. மறுபடி ஆரம்பித்தது. வண்டி கேட்டைத் தாண்டிப் போயிற்று. அவள் இன்னும் எதையோ எதிர்பார்க்கிற மாதிரி நின்றாள்.

"எப்படி இருக்குது கண்ணு?" என்றேன்.

"அந்தப் பழசு எங்கப்பா?"

"அழிச்சாச்சு. அதுல ஏகப்பட்ட சத்தம்."

"உங்ககிட்டயும் இல்லையா?"

"எதுக்கு அது? இதுதான் இருக்குதே."

"அதுல அம்மா பேசுவாங்க. நான் சிரிப்பேன்."

"ஆமா, அதையெல்லாம்தான் எடுத்தாச்சு" என்றேன்.

அவள் சரி என்றாள். சரி என்றுதான் சொன்னாள். பிறகு வண்டி திரும்புவதற்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டாள். வெயில் அதிகம் அன்றைக்கு.

கிரைண்டர் நின்றுவிட்டது பாருங்கள். வாருங்கள், இந்த ஸ்டூலில் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். ஒரு சாண் தள்ளி, அவ்வளவுதான்.

மச்சான் எப்படிக் கேட்டார் என்றால், அவளை நடுவில் உட்கார வைத்து, "அம்மணி, யாருக்கும் பயந்துக்காத. ஈரோட்டுலயா, இங்கயா?" என்றார். அவள் ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. "கண்ணு, அப்பா சொல்லிக் குடுத்த மாதிரி தெளிவாச் சொல்லு" என்றேன் நான்.

அவள் எழுந்து என் எதிரில் வந்து நின்றாள். எச்சில் விழுங்கினாள். அறை அடங்குகிற வரைக்கும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கத்தவில்லை. ஒரே தடவைதான், திருப்பிச் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. 'ப்பா' வருகிற இடத்தில் முகத்தை லேசாகப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள், நான் சொல்லிக் கொடுத்தபடியே.

"நான் அம்மாகூடவே இருந்துக்கறனப்பா" என்றாள்.